நான் குறித்த நாளில் விதைத்தவர்கள்

அந்த விதையை நான் விரலால் தோண்டி எடுத்தபோது காலை ஒன்பது மணி இருக்கும். புரட்டாசி வெயில் அதற்குள் பிடரியில் ஏறியிருந்தது.

மக்காச்சோள விதை கடையிலிருந்து வரும்போது மருந்து தடவி இளஞ்சிவப்பாக இருக்கும். இது வெளுத்து, உப்பி, வெடித்திருந்தது. வெடித்த இடத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு முளை, அதுவும் கருகி நூலாகக் கிடந்தது. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கினேன். புளித்த மாவு வாடை அடித்தது.

அடுத்த உழவுச் சாலில் தோண்டினேன். அங்கேயும் அதே கதை. பத்தடி தள்ளிப் போய்த் தோண்டினேன். ஒரு விதையாவது உயிரோடு கிடைக்காதா என்று அந்த மக்காச்சோளக் காட்டுக்குள் நான் குனிந்து குனிந்து போனதை, விதைத்த பதினான்கு குடும்பத்து ஆட்களும் பொழி வரப்பில் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி கையைக் கட்டியபடி.

நிமிர்ந்தேன். "வெதைக்கும்போது ஒருத்தருக்குக்கூடவா தெரியல, ஈரம் கீழ எறங்கலன்னு? கால வச்சாலே தெரியுமே!"

சுப்பையாதான் வாயைத் திறந்தான். என் வீட்டுக்காரருக்குப் பங்காளி முறையில் தம்பி. ஊரில் டிராக்டர் வைத்திருப்பவன்.

"தெரியும் மதினி."

"என்ன தெரியும்?"

"ஈரம் பத்தலன்னு தெரியும்."

"பொறவு ஏம்ல வெதச்சீங்க?"

"நீங்க சொன்னீங்கள்லா."

இதை எழுதும்போதும் என் பேனா தாளைக் கிழிக்கிறது. வயசானதால் கை தவறுகிறது என்று யாரும் பரிதாபப்பட வேண்டாம். ஆத்திரம்.

தளபதி வகையாம்

காட்டில் அவர்கள் அப்படியே நிற்கட்டும். வேறொன்றைச் சொல்லிவிட்டு வருகிறேன்.

என் மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். அவன் ஆபீஸில் ஆட்களை வகை வகையாகப் பிரிக்க ஒரு பரீட்சை வைக்கிறார்களாம். போன மாதம் கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, "சும்மா பண்ணிப் பாருங்கம்மா" என்று போனைக் கையில் கொடுத்தான். கேள்வி மேல் கேள்வி. 'ஒரு கூட்டத்தில் பொறுப்பை நீங்களே முன்வந்து எடுத்துக்கொள்வீர்களா?' 'மற்றவர்கள் மெதுவாக வேலை செய்தால் எரிச்சல் வருமா?' மெதுவாக வேலை செய்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? இதெல்லாம் ஒரு கேள்வியா?

கடைசியில் 'தளபதி வகை' என்று வந்தது. கீழே பலம், பலவீனம் என்று இரண்டு பட்டியல். பலத்தை மகன் சத்தமாக வாசித்தான். சட்டென்று முடிவெடுப்பார், பொறுப்புக்கு அஞ்ச மாட்டார், நெருக்கடியில் கலங்க மாட்டார். பலவீனத்தை மனசுக்குள் வாசித்துக்கொண்டு சிரித்தான். போனைப் பிடுங்கிப் பார்த்தேன். 'பிறர் சொல்வதைக் காதில் வாங்க மாட்டார்' என்று போட்டிருந்தது.

"எவன் சொன்னான்?"

"கம்ப்யூட்டர்தாம்மா சொல்லுது. நீங்க..."

"நீ சும்மா இரு. அது எங்கூட எப்பப் பேசுச்சு, நான் எப்பக் காதுல வாங்கல?"

என் வீட்டுக்காரர் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். பேப்பர் குலுங்கிக்கொண்டிருந்தது.

பட்டியல் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. பாதிதான் எழுதியிருக்கிறார்கள் என்கிறேன். தளபதியைப் பற்றி இவ்வளவு தோண்டித் துருவியவர்கள், 'சரிங்க, ஆகட்டுங்க' என்று பின்னால் வருகிறார்களே, அந்தப் படையைப் பற்றி ஒரு வரி எழுதினார்களா? தலையாட்டுவதில் என்ன பலம், என்ன பலவீனம் என்று எந்தப் பரீட்சையிலாவது கேட்டிருக்கிறார்களா?

ஒரு ரத்தப் பை

அரசு ஆஸ்பத்திரிகளில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் நர்ஸாக இருந்தவள் நான். கடைசிப் பத்து வருஷம் எல்லா வார்டுக்கும் மேற்பார்வை. வேன் கவிழ்ந்த நாளைப் பற்றி இந்தத் தொடரில் எழுதியபோது, 'உங்களிடம் வேலை பார்த்தவர்கள் பாவம்' என்று ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். ஐயா, அன்று ஆஸ்பத்திரி ஹாலின் தரையில் கட்டில் போதாமல் முப்பது பேர் கிடந்தார்கள். ஸ்டூல் மேல் ஏறி நின்று, யார் எந்த ஆளைப் பார்ப்பது என்று நான் கத்திக் கத்திப் பிரித்துவிட்டேன். ஒவ்வொருவரிடமும் 'உங்கள் அபிப்பிராயம் என்ன' என்று கேட்டுக்கொண்டிருந்தால் நாலு பேர் அங்கேயே போய்ச் சேர்ந்திருப்பார்கள். அதற்காக இன்றைக்கும் நான் வெட்கப்பட மாட்டேன்.

ஆனால் ரத்தப் பை விஷயத்தை இதுவரை சரியாகச் சொன்னதில்லை.

ஒரே வார்டில் இரண்டு மாரியம்மாள். ஒருத்திக்கு ரத்தம் ஏற்ற வேண்டும். கலாவதி என்று ஒரு புது நர்ஸ், பையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் நிற்கிறாள், நிற்கிறாள், நின்றுகொண்டே இருக்கிறாள்.

"என்ன வேடிக்க பாக்க? ஏத்து" என்றேன்.

"சிஸ்டர்..." என்றாள். அதற்கு மேல் வரவில்லை.

"ஏத்துன்னு சொன்னேம்லா!"

அப்போதும் அவள் மாட்டவில்லை. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. நானே மாட்டிவிடலாம் என்று பையைப் பிடுங்கியபோதுதான் சீட்டைப் பார்த்தேன். அது அந்தக் கட்டிலில் கிடந்த மாரியம்மாளுக்கு உரியது இல்லை. ரத்த வகையே வேறு. வார்டு முழுக்கக் கேட்கும்படி கலாவதியைத்தான் திட்டினேன். "தெரிஞ்சா சொல்லித் தொலைய வேண்டியதுதான? வாயில என்ன கொழுக்கட்டையா?" அவள் அழுதாள்.

இருபது வருஷம் ஒவ்வொரு புது நர்ஸ் கூட்டத்திலும் இந்தக் கதையைச் சொன்னேன். என் கண் எவ்வளவு கூர்மை என்பதற்கு உதாரணமாக. கை தட்டுவார்கள். கதையில் கலாவதி ஓர் அழுமூஞ்சியாக வந்து போவாள். அந்தத் தப்பை முதலில் பார்த்தவள் அவள்தான், அதனால்தான் ஏற்றாமல் நின்றாள் என்பது எனக்கு அந்த மக்காச்சோளக் காட்டில் நிற்கும்போதுதான் உறைத்தது.

ஒரே நாள் விதைப்பு

என் வீட்டுக்காரரின் ஊர், கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனைக்குப் போகும் பக்கம். பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. மானம் பார்த்த கரிசல், மழையை விட்டால் வேறு தண்ணீர் கிடையாது. நான் ரிட்டயர் ஆன பிறகு எங்கள் பங்குக் காட்டைப் பார்க்க அடிக்கடி போக ஆரம்பித்தேன். போனால் என்னால் சும்மா இருக்க முடியுமா?

அங்கே மயில் தொந்தரவு அப்போதே தலைக்கு மேல் போயிருந்தது. ஓடையோரச் சீமைக்கருவேலங்காட்டுக்குள் கூட்டம் கூட்டமாக இருக்கும். விதை போட்டால் கிளறித் தின்னும். முளைத்தால் பயிரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அடியிலிருக்கும் விதையைத் தின்னும். கல்லெடுத்து எறியவும் முடியாது, கேஸாகிவிடும். ஒருவர் திங்கட்கிழமை விதைப்பார், இன்னொருவர் அடுத்த வாரம். முதலில் முளைத்த காட்டை மொத்த மயிலும் மொய்க்கும். முடித்துவிட்டு அடுத்த காட்டுக்குப் போகும்.

நான் கூட்டம் போட்டேன். எங்கள் பக்கத்துக் காடு பதினைந்து குடும்பத்துக்கு; எங்கள் பங்கை சுப்பையா தன் காட்டோடு சேர்த்து விதைப்பான். பதினைந்தும் ஒரே நாளில் விதைக்க வேண்டும். ஒன்றாக முளைத்தால் மயில் எவ்வளவு தின்னும்? ஆளுக்குக் கொஞ்சம்தான் போகும். விதைத்த பிறகு இருபது நாள், காலையும் சாயங்காலமும் வீட்டுக்கு ஓர் ஆள் முறை போட்டுக் காவல். குறித்த நாளில் விதைக்காதவர் காட்டுக்கு முறைக் காவல் கிடையாது. இந்தக் கடைசிச் சட்டத்தையும் நான்தான் போட்டேன். சட்டம் என்றால் பல் இருக்க வேண்டும் என்று அன்றைக்குப் பெருமையாகச் சொன்னேன்.

அந்த வருஷம் விளைந்தது. ரொம்ப வருஷத்துக்குப் பிறகு விளைந்தது. "நர்சம்மா இல்லன்னா இது நடக்குமா?" என்றார்கள். நடந்திருக்காதுதான். பத்து வருஷமாக எல்லோருக்கும் தெரிந்த வழியை எழுந்து நின்று சொல்ல ஓர் ஆள் இல்லாமல் இருந்தார்கள். நான் சொன்னேன். அதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

கோவில்பட்டி மழை

அதற்கு அடுத்த வருஷம்தான் இந்தக் கூத்து.

கோவில்பட்டியில் ஒரு நாள் மத்தியானம் மழை பிடித்தது. மொட்டை மாடித் தண்ணீர் குழாய் வழியாகக் கொட்டிய சத்தத்தில் வீட்டுக்குள் பேசுவது கேட்கவில்லை. தெருவில் கரண்டைக்கால் தண்ணீர். நான் சுப்பையாவுக்குப் போன் போட்டேன். "மழை பெய்யுதால?" "பெய்யுது மதினி." அவ்வளவுதான் கேட்டேன். எவ்வளவு என்று கேட்கவில்லை.

எங்கள் கரிசலில் தூறலையெல்லாம் மழைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். உழுகிற ஆழத்துக்கு மண் நனைந்தால்தான் அது உழவு மழை. முழுக்கக் காய்ந்த மண்ணில் விழுந்த விதை பேசாமல் படுத்திருக்கும், மழை வந்ததும் எழும். முழுக்க நனைந்த மண்ணில் போட்டால் ஐந்தாம் நாள் எழும். அரைகுறை ஈரம் இருக்கிறதே, அதுதான் விதையைக் கொல்லும். முளைக்க வைத்துவிட்டுத் தண்ணீர் இல்லை என்று கைவிரித்துவிடும். ஊரில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குக்கூட இது தெரியும். எனக்கும் தெரியும்.

"இது கோவில்பட்டி மழைட்டி" என்றார் என் வீட்டுக்காரர், ஜன்னல் பக்கம் நின்று. "ஊருல எம்புட்டுன்னு கேட்டுட்டுச் சொல்லேன்."

"கேட்டாச்சு" என்றேன்.

வாட்ஸப் குரூப்பில் பேசி அனுப்பினேன். "எல்லாரும் கேட்டுக்கோங்க. நாளைக்குக் காலையில சுப்பையா டிராக்டர் மேக்க இருந்து தொடங்கும். ரெண்டு நாள்ல முடிச்சிரணும். யாரும் சாக்குப்போக்கு சொல்லக் கூடாது."

கட்டைவிரல்கள் வர ஆரம்பித்தன. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து. சிலர் கும்பிடும் போட்டார்கள். பதினான்கு எண்ணினேன். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், ஓர் ஊரே ஒரு சொல்லுக்குக் கட்டுப்படுவதைப் பார்க்கிற சுகம் சாதாரணச் சுகம் இல்லை.

மறுநாள் அவர்கள் டிராக்டர் பின்னால் நடந்தபோது புழுதி பறந்திருக்கிறது. புழுதி! கண்ணில் விழுந்த புழுதியைத் துடைத்துக்கொண்டு விதைத்திருக்கிறார்கள்.

சொன்னவள்

ஒருத்தருக்குக்கூடவா தெரியல என்று காட்டில் நின்று சத்தம் போட்டேன் அல்லவா? அது பொய். ஒருத்தி சொன்னாள்.

பதினைந்தாவது குடும்பம் செண்பகம். என் கொழுந்தனார் மனைவி. கொழுந்தன் தவறிப் பல வருஷம் ஆகிறது. இரண்டு ஏக்கர் காடு, ஊர்ப் பேச்சில் ரெண்டு குறுக்கம். நாலைந்து வருஷமாக வேனில் புதியம்புத்தூருக்குப் போய் ஒரு தையல் யூனிட்டில் ஃப்ராக்குக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். பாத்ரூம் போவதற்குக்கூட சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த வேலையை அவளுக்குப் பிடித்துக் கொடுத்ததும் நான்தான். வேண்டுமா என்று கேட்கவில்லை, 'நாளையிலிருந்து போ' என்றேன். அந்த வருஷம் ஆடியில் வேலையை விட்டுவிட்டாள். "இனி காட்ட நம்பிப் பாக்கேன்க்கா. வெளையலன்னா கார்த்திகையில திரும்ப வேன் ஏறிக்கிடுதேன்" என்றாள்.

பதினான்கு கட்டைவிரலுக்குக் கீழே அவள் குரல் வந்தது. "அக்கா, இங்கன வெறும் தூத்தல்தான். ஒரு வெரக்கட ஆழத்துக்குக்கூட நனையல. நான் கையால கிளறிப் பாத்துட்டுதான் சொல்லுதேன். ரெண்டு நாள் பொறுப்போம்க்கா."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "மழையப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காத செண்பகம். ஒருத்தி கொழப்புனா ஊரே கொழம்பும்" என்று பதில் போட்டேன். அதோடு விட்டேனா? மற்றவர்கள் குழம்பிவிடக் கூடாதென்று அவளைக் குரூப்பிலிருந்தே நீக்கினேன். நீக்கியதும் ஒரு நிம்மதி வந்தது. வார்டில் அழுகிற குழந்தையை வெளியே தூக்கிப் போகச் சொன்னதும் வருமே, அந்த நிம்மதி.

செண்பகம் விதைக்கவில்லை. விதை மூட்டையை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டாள்.

சுப்பையா சொன்ன காரணம்

இப்போது காட்டுக்கு வருவோம். கையில் நசுங்கிய விதையோடு நிற்கிறேன்.

"நான் சொன்னா? நான் கெணத்துல குதின்னு சொன்னா குதிப்பீங்களால?"

யாரோ ஒரு பெண் வாய்க்குள் சிரித்தாள். சுப்பையா சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நிதானமாகச் சொன்னான்.

"கோவப்படாதீங்க மதினி. நாங்களா ஒரு நாளப் பாத்து வெதச்சு, அது கெட்டுப்போச்சுன்னா வீட்டுல தல காட்ட முடியுமா? பொண்டாட்டி பிள்ள கேக்கும். நீங்க சொல்லிக் கெட்டா, நர்சம்மா சொன்னாங்க, வெதச்சோம், கெட்டுப்போச்சுன்னு போயிரலாம்லா."

மற்ற பதின்மூன்று தலைகளும் மெல்ல ஆடின. ஆமாம் என்று.

என் கோபத்துக்கு அன்று அடித்தளம் போட்டது இந்தப் பேச்சுதான். இவ்வளவு நாளும் அவர்கள் என்னை நம்பிப் பின்னால் வருகிறார்கள் என்று நினைத்திருந்தேன். அவர்களுக்குப் பழியைக் கழற்றி மாட்ட ஓர் ஆணி வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். தன் கையால் மண்ணைக் கிளறிப் பார்த்து, தன் கண்ணால் புழுதியைப் பார்த்து, தன் வருஷத்து விதையைத் தானே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு, நர்சம்மா சொன்னாள் என்று போய்ப் படுத்துக்கொள்வார்களாம். இதற்குப் பெயர் மரியாதையா? எனக்கு மரியாதை தருவதாக இருந்தால் என் மூஞ்சிக்கு நேரே 'இல்லை' என்று சொல்லியிருக்க வேண்டாமா?

சொன்னவளை நான் என்ன செய்தேன் என்பது அப்போது ஞாபகம் வந்தது. நேரே போய்ப் பஸ் ஏறினேன்.

மயில்

ஒரு வாரம் கழித்து உழவு மழை பெய்தது. ஊரிலேயே பெய்தது. இரண்டு நாள் விடாமல்.

பதினான்கு பேரிடமும் விதை இல்லை. கோவில்பட்டிக் கடைகளில் அந்த ரகம் தீர்ந்துவிட்டது, அடுத்த லோடு வர பத்து நாள் ஆகும் என்றார்கள். விதை இருந்தது செண்பகத்திடம் மட்டும். சுப்பையா, "குரூப்புல இன்னும் நாள் சொல்லல, ஒத்தக் காட்டுக்கு வந்தா மத்தவுக என்ன நெனப்பாக" என்று டிராக்டரைக் கொண்டுபோகவில்லை. அவள் பக்கத்து ஊர் டிராக்டரைக் கூப்பிட்டு விதைத்தாள்.

ஐந்தாம் நாள் முளைத்தது. சுற்றிலும் பதினான்கு காடு கருப்பாகக் கிடக்க, நடுவில் அவள் காடு மட்டும் பச்சை. ஓடைக்காட்டு மயில் மொத்தமும் எங்கே போகும்?

இந்தச் செய்தியை எனக்குச் சொன்னது சுப்பையா. அதைச் சொன்ன தினுசைக் கேளுங்கள். "மேக்கோரம் பத்துப் பதினஞ்சு சால் போயிட்டு மதினி. அவளும் ஊரோட சேந்து வெதச்சிருந்தா இப்படி ஆகுமா?"

"ஊரோட சேந்து வெதச்சிருந்தா முளைச்சிருக்காதுல, மூதேவி!" என்று கத்தினேன். "முறக் காவல் போட்டாச்சா?"

"அவ குறிச்ச நாள்ல வெதைக்கலையே. நீங்க போட்ட சட்டந்தான."

நான் போட்ட சட்டம்தான். பல் வைத்த சட்டம். இப்போது அது யாரைக் கடிக்கிறது என்று பார்த்தீர்களா? சொன்னதைச் செய்து விதையைப் புதைத்த பதினான்கு பேரும் நல்லவர்கள், கட்டுப்பாடானவர்கள். மண்ணைப் பார்த்து முடிவெடுத்தவள் மீறினவள். அந்த இரண்டு ஏக்கர் போனால் அவள் கார்த்திகையில் வேன் ஏற வேண்டும். மறுபடி அந்த சூப்பர்வைசர் முகம்.

உடனே குரூப்பில் பேசினேன். "செண்பகம் காட்டுக்கு நாளையில இருந்து முறக் காவல். பழைய சட்டத்த நானே எடுத்துட்டேன். வீட்டுக்கு ஒரு ஆள் போங்க."

கட்டைவிரல் வந்தது. பதினான்கும் வந்தது. கும்பிடும் வந்தது.

மறுநாள் சாயங்காலம் சுப்பையாவிடம் கேட்டேன். ஒருவரும் போகவில்லை. இவனுக்குக் கால்வலி, அவனுக்குக் கல்யாண வீடு. அதற்கு மறுநாளும் போகவில்லை. கட்டைவிரல் மட்டும் தவறாமல் வருகிறது.

வயிறெரிந்து எழுதுகிறேன். நான் முழுத் தப்பாகச் சொன்னபோது புழுதிக்குள் ஓடி ஓடி வேலை பார்த்தவர்கள், வாழ்க்கையில் ஒருதரம் நான் நியாயமாகச் சொன்னபோது அசையவில்லை. என் சொல்லுக்கு இருந்த மவுசு அந்தச் செத்த விதையோடு போய்விட்டது. போன மவுசுக்காக நான் அழவில்லை. அது இருந்தபோது எதற்குச் செலவானது, வேண்டிய நேரத்தில் ஏன் இல்லை என்றுதான் கேட்கிறேன்.

காவல்

அடுத்த நாள் முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன்.

செண்பகம் காட்டின் நடுவில் நசுங்கிய ஒரு சில்வர் தட்டோடும் குச்சியோடும் நின்றாள். சுற்றிலும் கம்பு நட்டுப் பழைய சேலைகளைக் கட்டியிருந்தாள். பயிர் நாலு விரல் உயரம் இருந்தது. மேற்கே சால் சாலாகப் பிடுங்கிப் போட்டிருந்த பயிர்கள் வதங்கிக் கிடந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குழி.

"என்னக்கா, பஸ் மாறி ஏறிட்டீங்களா?" என்றாள்.

"காவலுக்கு வந்திருக்கேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "செருப்பக் கழத்துங்க. சாலுக்கு நடுவுல நடங்க, பயிர மிதிச்சிராதீங்க."

கழற்றினேன்.

"எனக்கு ஒரு தட்டு குடு."

"ஒண்ணுதான் இருக்கு. ஒங்களுக்குத் தட்டு என்னத்துக்குக்கா? ஓடைப் பக்கமா நின்னு ஒங்க வாயால ரெண்டு அதட்டுப் போடுங்க, அது போதும்."

முப்பத்தைந்து வருஷம் டாக்டர்களை நிமிர்ந்து நிற்க வைத்த குரல். மயில் விரட்ட லாயக்கு என்கிறாள். பதில் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் கருவேலங்காட்டிலிருந்து மூன்று மயில்கள் பொழியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டன. ஓடினேன். கத்தினேன். பறந்து போயின. உண்மையிலேயே தட்டு தேவைப்படவில்லை.

தினமும் போனேன். வெயில் ஏறியதும் மயில் மரத்தடிக்குப் போய்விடும். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருப்போம். சாயங்காலம் இருட்டும் முன் கடைசிச் சுற்று முடித்துவிட்டு நான் பஸ் ஏறுவேன்.

நாலாம் நாள் காலையில் சுப்பையா ஒரு தகர டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தான். நான் கூப்பிடவில்லை. பொழியில் நின்று, "மதினி, நான் எந்தப் பக்கம் நிக்க?" என்றான்.

எந்தப் பக்கம், எத்தனை மணி வரைக்கும், டின்னை எப்படித் தட்டுவது, எல்லாம் என் நாக்கில் தயாராக இருந்தது. முழுங்கினேன். "காட்டுக்காரியக் கேளு" என்றேன். அவன் செண்பகத்தைப் பார்த்தான். அவள் வடக்கே கையைக் காட்டினாள். அடுத்த நாள் அவன் மனைவி வந்தாள். அதற்கடுத்து வேறு இரண்டு பேர். அவர்களை நான் பாராட்டப் போவதில்லை. பாதி வாரம் தாமதமாக வந்தவர்களுக்கு என்ன பாராட்டு?

காட்டில் கால்வாசி போனது. முக்கால்வாசி நின்றது. கார்த்திகையில் தையல் யூனிட் வேன் ஊருக்குள் வந்தபோது செண்பகம் ஏறவில்லை, களை எடுத்துக்கொண்டிருந்தாள்.

காவலின் கடைசி நாள் வரைக்கும் எனக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தினமும் பஸ்ஸில் வரும்போது மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன். காட்டில் இறங்கியதும் மயிலை விரட்டுகிற சாக்கில் ஓடைப் பக்கம் போய்விடுவேன். இப்படிப்பட்ட வாக்கியத்தை நான் வாழ்நாளில் யாரிடமும் சொன்னதில்லை. கலாவதியிடம்கூடச் சொல்லவில்லை, அவள் இப்போது எங்கே இருக்கிறாளோ தெரியாது.

அன்று சாயங்காலம் அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"செண்பகம், அன்னைக்கு நீ சொன்னதுதாண்டி சரி."

அவள் திரும்பக்கூட இல்லை. கண் முழுக்கக் காட்டின் மேல் இருந்தது.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா" என்றாள். "அந்தா தெக்க ரெண்டு எறங்குது பாருங்க. இப்படிப் பேசிக்கிட்டு நின்னா ஆச்சா? போங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை வயசுக்கு என்னை இப்படி விரட்டியவர் யாரும் இல்லை. சேலையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு தெற்கே ஓடினேன்.